காசல்ரீக் கரையில் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஒன்பது வயது மகளுக்குப் பறவை என்றால் உயிர். கூட வரப்போகும் தன் அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி. மலைநாட்டில் ஏதாவது ஒரு நீர்த்தேக்கத்துப் பக்கம் மூன்று நாள் தங்கி, ஏற்றம் ஏறாமல் நடந்து, பறவை பார்க்க முடியுமா? எந்த மாதம் வரலாம்? நுவரெலியாவின் கிரகரி வாவி போதுமா?

முடியும். ஹட்டனுக்குக் கிட்ட இருக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு வாருங்கள். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வந்தால் நல்லது. மூன்றாவது நாளை நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு ஒதுக்கி வையுங்கள். கிரகரி வாவி மட்டும் போதாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எதை எதிர்பார்ப்பது என்று தெரியாமல் வந்தால் மகள் முதல் நாளே சோர்ந்துவிடுவாள்.

நீங்கள் பண்ணைப் பாலத்தில் போகும்போதே இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் பறவை பார்க்கிறவர்கள். மன்னார் வங்காலைக்குப் போயிருந்தால் பூநாரைக் கூட்டமும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண்ணோடு காசல்ரீயைப் பார்த்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும். காரணம் எளியது. உங்கள் பக்கம் களப்பும் குளமும் முழங்கால் அளவு ஆழம், சேறு, புல், பூச்சி. கொக்குக்கும் உள்ளானுக்கும் அதுதான் சோறு. எங்கள் பக்கம் நீர்த்தேக்கம் என்பது அணை கட்டி நிரப்பிய பள்ளத்தாக்கு. கரை செங்குத்தாக இறங்கும், இரண்டு எட்டிலேயே ஆழம். மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதுமாக இருப்பதால் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கரையோரத்தில் நாணலும் அல்லியும் வேர்பிடிக்க நேரமே கிடைக்காது. தண்ணீரின் நடுவில் பறவை தங்க அங்கே ஒன்றும் இல்லை.

ஆகவே நடுவைப் பார்க்காதீர்கள். ஓடை வந்து சேரும் மூலைகளைப் பாருங்கள். தேயிலை மலைகளுக்கு நடுவே இறங்கி வரும் ஒவ்வொரு சிற்றோடையும் நீர்த்தேக்கத்தில் விழும் இடத்தில் வண்டல் படிந்து ஒரு சிறு மேடை உண்டாகும். தண்ணீர் இறங்கும் மாதங்களில் அந்தச் சேறு வெளியே தெரியும். உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுவதும், வாலாட்டிக் குருவி கல்லுக்குக் கல் தாவுவதும், மடையான் அசையாமல் நிற்பதும் அங்கேதான். வெண்மார்பு மீன்கொத்தி பக்கத்துச் சவுக்குக் கொப்பில் இருக்கும். தண்ணீருக்குள் நின்றே பட்டுப்போன மரக்கட்டைகளில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும். தாராவின் சிறகைவிட நீர்க்காகத்தின் சிறகில் தண்ணீர் அதிகம் ஊறும். முங்கி எழுந்தபின் காயவைத்தே ஆக வேண்டும். இதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவளே தேடிக் கண்டுபிடிப்பாள். மேலே செம்பருந்து சுற்றும். அதிர்ஷ்டம் இருந்தால் மலைச்சரிவை ஒட்டி மிக மெதுவாக, சிறகடிக்காமல் மிதந்து போகும் கரிய கழுகு ஒன்றும் தென்படும். அதன் சிறகின் நுனி விரல்கள்போலப் பிரிந்திருக்கும், கால் மஞ்சள். அது மரங்களின் மேலாகத் தாழப் பறந்து மற்றப் பறவைகளின் கூடுகளைத் தேடும். அது வரும்போது சின்னப் பறவைகள் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்கலாம்.

காசல்ரீயை நான் முதலில் சொல்வதற்கு முக்கியக் காரணம் பாதை. கெஹெல்கமு ஓயா என்ற ஆற்றை மறித்துக் கட்டிய அணை இது. 1965 இல் நோட்டன்பிரிட்ஜில் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது. நீர்த்தேக்கத்தைச் சுற்றி முழுக்கத் தேயிலைத் தோட்டங்கள். கொழுந்து லொறி ஏறி இறங்க வேண்டும் என்பதால் தோட்டப் பாதைகளை மலையின் இடுப்பைச் சுற்றியே வெட்டியிருக்கிறார்கள். மேலே ஏறாமல், கீழே இறங்காமல், ஒரே மட்டத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்கக்கூடிய பாதை மலைநாட்டில் வேறெங்கும் இவ்வளவு எளிதில் கிடைக்காது. முழங்கால் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. அம்மாவுக்கு இந்த மட்டப்பாதைதான் வேண்டும்.

டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடையே, தண்ணீரைப் பார்த்தபடி வார்லி தேவாலயம் என்று ஒரு பழைய கற்கோயில் இருக்கிறது. 1878 இல் கட்டியது. முதல் நாள் காலை அங்கேயே தொடங்கலாம். வாகனம் பக்கத்தில் வரும், உட்கார இடம் உண்டு, நிழல் உண்டு. வழிபாடு நடக்கும் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்பாவும் அம்மாவும் அங்கே இருக்க, நீங்களும் மகளும் வீதியோரமாக அரை மணி நேரம் நடந்து திரும்பலாம்.

ஒரு வேண்டுகோள்: நடப்பதைக் குறையுங்கள், நிற்பதைக் கூட்டுங்கள். ஓடை சேரும் மூலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து இருபது நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இருக்காது. நீங்கள் வந்ததால் பறந்தவை அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடம் நீண்ட நேரம்தான். கையில் ஒரு சிறு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, பார்த்ததை வரையச் சொன்னால் நேரம் போவதே தெரியாது.

இரண்டாம் நாள் மஸ்கெலியாப் பக்கம் போகலாம். மவுசாகலை நீர்த்தேக்கம் மஸ்கெலி ஓயாவில் கட்டியது, காசல்ரீயைவிடப் பெரியது. இரண்டு ஓயாக்களும் கீழே கித்துல்கலைப் பக்கம் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. கொழும்பில் குழாயைத் திறக்கிறவர் எங்கள் மலையின் மழையைத்தான் குடிக்கிறார் என்று மகளுக்குச் சொல்லுங்கள். மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. இப்போது நாம் காணும் நகரம் மேலே புதிதாக எழுந்தது. கடும் வறட்சியில் மட்டம் மிகவும் இறங்கும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றின் எச்சங்களும் வெளியே தெரியும். அந்த நாட்களில் ஊரே திரண்டு வந்து பார்க்கும். கோயில் தெரிந்தால் சிலர் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். அங்கே பிறந்து வளர்ந்த முதியவர் யாராவது பக்கத்தில் நின்றால், பறவையைக் கொஞ்சம் மறந்து அவரிடம் பேசுங்கள். எந்த இடத்தில் கடைவீதி இருந்தது என்று கைகாட்டிச் சொல்லுவார்.

ஆனால் ஒன்று. அந்தச் சேற்றில் இறங்கி நடக்க வேண்டாம். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் உள்ளே இளகியிருக்கும். குளிக்கவும் வேண்டாம், எங்கேயும். கரை திடீரென்று ஆழமாகும் என்று மேலே சொன்னேன். நீந்தத் தெரிந்தவர்களும் இந்த நீர்த்தேக்கங்களில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அணைக்கட்டின் மேல் காவல் இருக்கும். படம் எடுப்பதற்கு முன் காவலரைக் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர்ப் பறவை குறைவு என்றேனே, அதைத் தேயிலை மலை ஈடுசெய்துவிடும். கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்துவிட்ட மலையில், செடியின் உச்சிக் குச்சியில் கன்னங்கரிய சின்னக் குருவி ஒன்று நேராக உட்கார்ந்திருக்கும். பறக்கும்போது சிறகில் ஒரு வெள்ளைத் துண்டு பளிச்சிடும். அதுதான் புதர்ச்சிட்டின் ஆண். மலைநாட்டுக் குருவி இது, யாழ்ப்பாணத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். பெண் மண்ணிறமாக, பக்கத்திலேயே இருக்கும். கொழுந்து நிறுக்கும் மடுவம், பழைய பங்களா போன்ற கட்டடங்களின் தாழ்வாரத்தில் மலைத் தகைவிலான் மண்கூடு கட்டும். தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயத்து வாசலில் குண்டுகரிச்சான் பாடும். மானாப்புல் இருக்கும் இடங்களில் சில்லைக் குருவிகள் கூட்டமாக எழும்பும். ஓடையோரத்தில் காட்டுமரம் மிச்சம் இருக்கும் இடங்களில் குக்குறுவான் விடாமல் கூப்பிடும். அது பச்சை இலைக்குள் பச்சையாக இருப்பதால் குரல் வரும் திசையில் இலை அசைகிறதா என்று மட்டும் கவனியுங்கள். நீங்கள் செண்பகம் என்று சொல்வதும் இங்கே உண்டு. மகள் தன் ஊர்ப் பறவையை மலையில் காணும்போது வரும் சந்தோஷம் தனி.

சரி, மாதம். மலைநாட்டுக்கு இரண்டு கணக்கு உண்டு, மழைக்கணக்கும் வலசைக்கணக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை காசல்ரீ, மஸ்கெலியா பக்கத்தைப் போட்டு அடிக்கும். ஓகஸ்ட் விடுமுறையில் வரவேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரர்களை அந்த மாதத்தில் மவுசாகலைக்குக் கூட்டிப்போய் இரண்டு மணி நேரம் நின்றோம். பத்தடிக்கு அப்பால் தண்ணீர் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடியும் மழையும். வடக்கிலிருந்து வரும் பறவைகள் செப்டெம்பர், ஒக்டோபரில் வரத் தொடங்கி ஏப்ரலுக்குள் திரும்பிவிடும். இரண்டு கணக்கும் ஒன்றாகச் சேர்வது ஜனவரி, பெப்ரவரியில்தான். வானம் தெளிவு, தண்ணீர் இறங்கத் தொடங்கிய காலம், விருந்தாளிப் பறவைகள் எல்லாம் ஊரில் இருக்கும். பள்ளிக்கூடம் என்று யோசித்தால், தைப்பொங்கலை ஒட்டி வாருங்கள். தோட்டத்துப் பொங்கலையும் பார்க்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர்ப் போயா (பௌர்ணமி) முதல் மே மாதப் போயா வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாகத்தான் போகும். வார இறுதியிலும் போயா நாளிலும் வீதி நிறைந்துவிடும். திங்கள் முதல் வியாழன் வரை முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் காலை ஆறு மணிக்கே கரையில் இருங்கள். பறவைக்கும் அதுதான் நேரம். ஆறிலிருந்து ஒன்பதரை வரை, அப்புறம் மாலை நாலிலிருந்து வெளிச்சம் மங்கும் வரை. நடுப்பகலில் மலையில் பறவை தேடுவது வீண் அலைச்சல். அந்த நேரத்தில் பெரியவர்கள் படுத்து எழும்பட்டும்.

கிரகரி வாவியைப் பற்றிக் கேட்டீர்கள். 1873 இல் ஆளுநர் கிரகரி காலத்தில் உண்டாக்கியது, அழகானது, சுற்றி நடக்க நல்ல பாதை இருக்கிறது. ஆனால் படகும் குதிரையும் கூட்டமும் தொடங்கியபின் கொக்கும் நீர்க்காகமும் தவிர வேறொன்றும் நிற்காது. விடிந்ததும் அரை மணி நேரம் போய்வாருங்கள், போதும். நுவரெலியாவில் உண்மையான பறவை இடம் நகர நடுவில் இருக்கும் விக்டோரியா பூங்கா. 1897 இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காக அந்தப் பெயர் வைத்தார்கள். பூச்செடி பார்க்க வருகிறவர்கள் முன்பக்கமே நின்றுவிடுவார்கள். நீங்கள் நேராகப் பின்பக்கம், ஓடையும் அடர்ந்த மரங்களும் இருக்கும் ஓரத்துக்குப் போங்கள். தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருக்காது, குப்பையும் கிடக்கும், முகம் சுளிக்காதீர்கள். ஈர மண்ணும் புழுவும் அங்கேதான் இருக்கின்றன, பறவையும் அங்கேதான் வரும்.

அங்கே தேட வேண்டியவை: காஷ்மீர் ஈப்பிடிப்பான், ஆணின் கழுத்தும் நெஞ்சும் செங்கல் நிறம், அதன் ஓரத்தில் கறுப்புக் கோடு. காஷ்மீர்ப் பக்கத்து இமயமலைக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இந்தியாவின் தென்மலைகளுக்கும் எங்கள் மலைநாட்டுக்கும் வரும் பறவை. உலகத்தில் அது மிகக் குறைவாகவே இருக்கிறது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் உயிர் அவ்வளவு தூரம் பறந்து வந்து ஒரு நகரப் பூங்காவின் மூலையில் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அப்புறம் ஆறுமணிக் குருவி, வண்ணமெல்லாம் உடம்பில் பூசிக்கொண்டு தரையில் சருகைப் புரட்டும். கறுப்பும் வெள்ளையுமான பூங்குருவி ஒன்று மாலை மங்கும்போது வெளியே வரும். எங்கள் நாட்டுக்கே உரியவற்றில் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட இலங்கை வெள்ளைக்கண்ணியும் இலேசாகக் கிடைக்கும். மங்கிய நீல நிற ஈப்பிடிப்பானுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பூங்காவில் பாதை மட்டமானது, இருக்கைகள் உண்டு. உங்கள் அம்மா இருக்கையில் உட்கார்ந்தபடியே இவற்றில் பாதியைப் பார்த்துவிடலாம்.

தெம்பு மிச்சமிருந்தால் நகரத்துக்குப் பக்கத்திலேயே கல்வேஸ்லாந்து தேசிய பூங்கா. மிகச் சின்னது, உள்ளே ஒரு குறுகிய காட்டுவழி. மலைக்காட்டின் வாசனையை அறிய அது போதும். ஆனால் வேரும் கல்லும் இருக்கும், அம்மாவுக்கு வேண்டாம். அம்பேவெல போகும் வழியில் கந்தே எல நீர்த்தேக்கமும் அமைதியான இடம், நுவரெலியாவின் சத்தம் பிடிக்காதவர்களுக்கு. தலவாக்கலையில் 2012 இல் திறந்த மேல் கொத்மலை நீர்த்தேக்கம் நகரத்தோடு ஒட்டியது. காசல்ரீயிலிருந்து நுவரெலியா போகும்போது வண்டியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அதற்காக ஒரு நாளைச் செலவிடாதீர்கள். ஹோட்டன் சமவெளியை யாராவது கட்டாயம் என்று சொல்வார்கள். அதிகாலைக் குளிர், நீண்ட நடை, கல்லும் குழியும். இந்தப் பயணத்தில் வேண்டாம், மகள் பெரியவளானபின் இருவரும் போங்கள்.

பயப்பட வேண்டியது எதற்கு என்று சொல்கிறேன். எல்லோரும் அட்டைக்குத்தான் பயப்படுவார்கள். அட்டையால் ஒன்றும் ஆகாது. மழை இல்லாத பெப்ரவரியில் தார் வீதியில் நடப்பவர்களுக்கு அது பெரும்பாலும் ஏறாது. ஏறினால் உப்போ சவர்க்காரமோ தேய்த்தால் விழுந்துவிடும். பிய்த்து எடுக்காதீர்கள், இரத்தம் நிற்க நேரமாகும். பயப்பட வேண்டியது குளவிக்கு. தோட்டத்துச் சனம் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது அடிக்கடி கேட்கும் செய்தி, உயிர் போனதும் உண்டு. பாறையிலோ உயர்ந்த மரத்திலோ கூடு தொங்கினால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். மகள் கல் எறியக் கூடாது. வாசனைத் தைலம் பூசாமல் வாருங்கள். குளவி எழும்பிவிட்டால் கையால் விசிறாமல், துணியால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு வண்டிக்கோ வீட்டுக்கோ ஓடுங்கள். தண்ணீருக்குள் குதிக்கக் கூடாது. நிறையக் கொட்டினாலோ மூச்சு முட்டினாலோ 1990 க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். சிறுத்தையும் இந்தத் தோட்டங்களில் உண்டு. மனிதர் சத்தம் கேட்டால் விலகிப் போய்விடும். இருட்டு விலகுவதற்கு முன்னும் இருட்டியபின்னும் தோட்டப் பாதையில் நடக்காமல், பிள்ளையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தால் போதும்.

கனமழை பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே புறப்படுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மலை எங்கேயும் போய்விடாது.

தோட்டப் பாதைகள் பொது வீதி அல்ல. பிரதான வீதியை விட்டு உள்ளே போவதென்றால் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பறவை பார்க்க என்று சொன்னால் பெரும்பாலும் விடுவார்கள். கொழுந்து எடுக்கும் அக்காமாரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நாள் முழுக்கத் தெரியாதவர்கள் அவர்களுடைய முகத்துக்கு நேரே போனை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். ‘வணக்கம் அக்கா, இங்க என்ன குருவி வரும்?’ என்று கேளுங்கள். தினமும் விடியலில் மலையில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மீன்கொத்தி எந்தக் கொப்பில் உட்காரும் என்று விரல் நீட்டிக் காட்டிவிடுவார்கள். போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். வேறொரு பறவை தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலைக்கழியும்.

தொலைநோக்கி வாங்குவதென்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 எடுங்கள், 10 மடங்கு பிள்ளையின் கையில் ஆடும். பறவையை அடையாளம் காண மெர்லின் செயலி நல்லது, ஆனால் வீட்டிலேயே இலங்கைக்கான தொகுதியை இறக்கி வையுங்கள், நீர்த்தேக்கத்தின் சில மூலைகளில் சிக்னல் கிடைக்காது. கம்பளிச் சட்டை எல்லோருக்கும் வேண்டும். காசல்ரீ சுமாரான குளிர், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம், ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி விழும் நாட்களும் உண்டு. அம்மாவுக்கு மடக்கும் சின்ன நாற்காலி ஒன்று கட்டாயம்.

வேனில் வருவதானால் கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு வாருங்கள். கம்பளைக்குப் பிறகு வளைவுகள் அதிகம், மகளுக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்காமல் ஏற்றுங்கள். ஹட்டனிலோ டிக்கோயாவிலோ தங்கினால் கரை கிட்ட. தங்கும் இடத்தில் முதல் நாள் இரவே சொல்லி வைத்தால் விடியற்காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டித் தருவார்கள். சுடச்சுடப் பிளேன்டீயை ஒரு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஆறு மணிக்கெல்லாம் வார்லிக் கோயில் பக்கம் வந்துவிடுங்கள். முதல் அரை மணி நேரம் தண்ணீர் முழுக்கப் பனி மூடியிருக்கும். அது விலகும் வரை காதால் கேளுங்கள்.